கிளியைத் தெரியும், நொச்சியைத் தெரியுமா?

போன கிழமை தரம் 6 பிள்ளைகளிடம் எங்கள் ஊர்ப் பெயரைப் படமாக வரையச் சொன்னேன். எல்லாக் கொப்பியிலும் கிளி இருந்தது. நொச்சி ஒன்றிலும் இல்லை. "சேர், அது எப்படி இருக்கும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

சின்ன மரம்தான். விரல் விரித்த மாதிரி இலை, ஊதா கலந்த நீலப் பூ. தடிமன், காய்ச்சல் என்றால் எங்கள் உம்மா அந்த இலையை அவித்து வேது பிடிக்க வைப்பா. 1990 இல் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோதும் அதைத் தேடித் திரிந்தவ.

ஆனால் இது மருந்து இலை மட்டுமல்ல. ஏறத்தாழ 2000 வருடங்களுக்கு முந்திய புலவர்களை இந்த மரம் விடவேயில்லை. குறுந்தொகை 138 ஐப் பாடியவர் கொல்லன் அழிசி. பெயரைப் பார்த்தால் பட்டறைக்காரர் போல. நொச்சி இலை மயிலின் கால் போல இருக்கிறது என்கிறார். ஊர் முழுக்கத் தூங்கிய பிறகும் தூங்காத ஒருத்திக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் நொச்சிப் பூ உதிரும் சத்தம் கேட்கிறது. பூ விழுகிற சத்தம்! சம்மட்டிச் சத்தத்தில் இருந்த காதுக்கு அது எப்படிக் கேட்டதோ.

அதே பூவுக்குப் போரிலும் இடம் இருந்தது. கோட்டையை முற்றுகையிடுபவர்களுக்கு உழிஞை, மதிலைக் காப்பவர்களுக்கு நொச்சி. மோசிசாத்தனார் புறநானூறு 272 இல் நொச்சியோடு நேரே பேசி, மரங்களிலேயே அன்புக்குரிய மரம் நீதான் என்று கொண்டாடுகிறார்.

அதற்கு முந்தின பாட்டு, 271, பெண் புலவர் வெறிபாடிய காமக்கண்ணியாருடையது. முன்பு இளம்பெண்கள் இடுப்பில் தழையாக உடுத்திய நொச்சியைக் கண்டோம் என்கிறார். இப்போது அதே நொச்சி, மதில் காத்தவன் சூடிய மாலையாக, இரத்தத்தில் தோய்ந்து உருத்தெரியாமல் துண்டாகிக் கிடக்கிறது. இறைச்சி என்று நினைத்துப் பருந்து தூக்கிக்கொண்டு போகிறது. பாட்டு அவ்வளவுதான்.

உரைகளில் இதை வீரம் என்று எழுதுவார்கள். 2009 ஜனவரியில் சனமே இல்லாமல் கிடந்த ஊரில் இருந்து வாசிக்கும்போது எனக்கு வீரம் கண்ணில் படவில்லை. தழை உடுத்திய அந்தப் பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அடுத்த கிழமை பிள்ளைகளுக்கு இலையைக் கையில் கொடுத்து, கசக்கி மணக்கச் சொல்லிவிட்டு வரையவிட வேண்டும். உங்கள் வேலியோரம் நொச்சி நின்றால் இரண்டு கிளை தாருங்கள். தடி வெட்டி நட்டாலே வேர் விடும். பள்ளிக்கூடக் கிணற்றடியில் இடம் இருக்கிறது.