வந்தாறுமூலையா, ஒலுவிலா, பேராதனையா?

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பப்போகும் கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்காகவும் அவர்களின் வாப்பா, உம்மாமாருக்காகவும் இதை எழுதுகிறேன். குறிப்பாக, வரலாறு படிக்க விரும்பும் பிள்ளைகளுக்காக.

காத்தான்குடியிலிருந்து பார்த்தால் வந்தாறுமூலை கிட்ட, ஒலுவில் தூரம். ஏறாவூருக்கு வந்தாறுமூலை பக்கத்து ஊர் மாதிரி. ஆனாலும் நம்மட பிள்ளைகள் கனபேர் ஒலுவிலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். காரணம் கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது. வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தெரியும்.

மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஓகஸ்டில் வந்தாறுமூலையில் தொடங்கியது. முதலில் விஞ்ஞானமும் விவசாயமும்தான் இருந்தன. கலை பிறகுதான் வந்தது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. நான்கு வருடம் போகுமுன் 1990 வந்துவிட்டது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. அதே வருடம் செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாக இருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லாமல் நமது பகுதியின் வரலாற்றைப் படிப்பிக்க முடியாது என்பது என் கருத்து.

முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலையில் படிப்பைத் தொடர முடியாமல் போன நிலையில்தான், அன்று அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால், 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. மறுவருடம் மே மாதம் அது பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலுக்குப் போனது. ஆகவே ஒலுவிலை முதலில் எழுதும் பழக்கத்துக்கு நியாயமான ஒரு காரணம் இருந்தது. ஆனால் இன்று விண்ணப்பிக்கும் பிள்ளை அதற்கெல்லாம் பிறகு பிறந்த பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு வேறு கேள்விகள் வேண்டும்.

முதலாவது, அங்கே வரலாறு தனித் துறையா, சமூக விஞ்ஞானங்களுக்குள் ஒரு பாடமா? நான்கு வருட விசேட பட்டமாக அதைச் செய்யலாமா, மூன்று வருடப் பொதுப் பட்டத்தில் ஒரு பகுதி மட்டும்தானா? விசேட பட்டத்தில்தான் சொந்தமாக ஆய்வுக்கட்டுரை எழுதவேண்டி வரும். அதற்குத் தெரிவாவது பெரும்பாலும் முதலாம் வருடப் பெறுபேற்றை வைத்து. கலைதானே என்று முதல் வருடத்தை விளையாட்டாக விட்டவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது, என்ன வரலாறு படிப்பிக்கிறார்கள்? இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் வாதிட்டார். அதை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதினார். இரண்டையும் மேசையில் வைத்து, எதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கச் சொல்லித்தரும் விரிவுரையாளர் இருக்கும் இடம்தான் நல்ல இடம். பாடத்திட்டத்தை இணையத்தில் பாருங்கள். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடமும் கேளுங்கள், அதுதான் கூடுதலாக உதவும்.

மொழியையும் பாருங்கள். தமிழ்மூலம் மட்டும் படித்தால் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் கால ஆவணங்களை எட்டுவது கஷ்டம். பேராதனையில் தமிழ்மூலமும் உண்டு, ஆங்கிலமும் சிங்களமும் சுற்றிவர இருக்கின்றன. தூரம் என்று பெண் பிள்ளைகளை மறிக்கிறோம். விடுதி வசதியை விசாரித்துவிட்டாவது மறியுங்கள். கல்முனையில் பிறந்த எம்.ஏ. நுஃமான் யாழ்ப்பாணத்திலும் படிப்பித்தார், பேராதனையிலும் படிப்பித்தார்.

கடைசியாக ஒரு நடைமுறை விசயம். ஒலுவிலில் கலை கலாசார பீடம் வேறு, இஸ்லாமிய கற்கைகள் அரபுமொழிப் பீடம் வேறு. விண்ணப்பத்தில் குறியீடுகளும் வேறு வேறு. வரலாறு படிக்க நினைத்த பிள்ளை குறியீட்டை மாற்றி எழுதிவிடக் கூடாது. விருப்ப வரிசையில் மேலே எழுதிய ஒன்றுக்கு உங்கள் புள்ளி போதுமானால், கீழே எழுதியதை ஆணைக்குழு பார்க்காது. வரிசையைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு நிரப்புங்கள். சந்தேகம் இருந்தால் கைநூலோடு வாருங்கள், அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.