பரவல் வலையமைப்புகளுக்கான சிமுலேட்டர்கள்

பல கணினிகள் சேர்ந்து இயங்கும் அமைப்பு ஒன்றை ஒரே கணினிக்குள் பாவனையாக ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள் வலையமைப்பு சிமுலேட்டர் எனப்படும். பிட்டொரண்ட் போன்ற பியர்-டு-பியர் அமைப்புகளில் நடுவே சர்வர் நின்று கோப்பைப் பரிமாறுவதில்லை. கணினிகள் தமக்குள் நேரடியாகப் பரிமாறுகின்றன, நினைத்தபோது சேர்ந்து நினைத்தபோது விலகுகின்றன. பத்தாயிரம் கணினிகளை வாங்கி இணைத்து இதைச் சோதிப்பது எந்தக் கல்லூரிக்கும் இயலாது. அப்படியே இணைத்தாலும், ஒருமுறை கண்ட பிழையை மறுமுறை அதே வடிவில் காண்பது அரிது. சிமுலேட்டரில் அதே சீட் எண்ணை, அதாவது தற்செயல் எண்கள் பிறக்கும் தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதே ஓட்டம் மீண்டும் கிடைக்கும்.

பெரும்பாலான சிமுலேட்டர்கள் நிகழ்வுவழிப் பாவனை முறையில் இயங்குபவை. ஓர் எடுத்துக்காட்டு: சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 1305 படிகள். 2024 முதல் ரோப் காரும் உண்டு. அந்த ரோப் கார் நிலையத்து வரிசையைக் கணினியில் பாவனை செய்ய ஒவ்வொரு நொடியையும் கணக்கிட வேண்டியதில்லை. பக்தர் வரிசையில் சேர்வது, பெட்டி புறப்படுவது, மேலே போய்ச் சேர்வது ஆகிய நிகழ்வுகளில்தான் நிலைமை மாறுகிறது. இவற்றை நேர வரிசையில் பட்டியலிட்டு, முதலில் இருப்பதை முடித்து, கடிகாரத்தை அடுத்த நிகழ்வின் நேரத்துக்கே தள்ளிவிடலாம். பக்தரின் இடத்தில் தரவுப் பொதியையும் வரிசையின் இடத்தில் ரவுட்டரின் நினைவகத்தையும் வைத்தால் அதுவே வலையமைப்பு சிமுலேட்டர்.

இவற்றுள் பரவலாகப் பயன்பட்ட ஒன்றின் கதை ஒரு நெரிசலில் தொடங்குகிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. எந்தக் கம்பியும் அறுபடவில்லை. பொதி தொலைந்ததாக எண்ணிக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பியதே நெரிசலை வளர்த்தது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988இல் இதற்கு மாற்று முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்ரீனிவாசன் கேசவ் 'ரியல்' என்ற சிமுலேட்டரை எழுதினார். டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்துச் சென்றவர் அவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 'நெஸ்ட்' மென்பொருளை அடித்தளமாகக் கொண்ட ரியலின் நோக்கம், நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் பொதி வலையமைப்பில் எப்படி நடந்துகொள்கின்றன என்று காண்பது. 1989இல் அதிலிருந்து கிளைத்ததே என்.எஸ். என்ற சிமுலேட்டர். அது 1990களின் பிற்பகுதியில் சி++, ஓடிக்கிள் மொழிகளில் என்.எஸ்-2 ஆகி உலகெங்கும் பரவியது. உலகெங்கும் பரவிய அந்த சிமுலேட்டருக்கு மூலம் இந்தியர் ஒருவர் எழுதிய நிரல் என்பது பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

பியர்-டு-பியர் ஆய்வில் பாவனையும் நேரடிச் சோதனையும் கைகோத்ததற்கு நல்ல சான்று 2001இல் வெளிவந்த 'கார்டு' நெறிமுறை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் அதை வகுத்த ஐவரில் ஒருவர். ஒவ்வொரு கணுவும், அதாவது வலையமைப்பில் சேர்ந்த ஒவ்வொரு கணினியும், சில கணுக்களின் முகவரியை மட்டுமே வைத்திருந்து, தேடும் பொருளை நோக்கிக் கேள்வியைக் கைமாற்றி அனுப்பும். பத்தாயிரம் கணுக்கள் இருந்தாலும் சராசரியாக ஏழு தாவலுக்குள் விடை கிடைக்கும் என்பதைப் பாவனை காட்டியது. அதோடு நிற்காமல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருந்த கணினிகளில் நிறுவியும் பார்த்தார்கள். அதன்பின் வந்தவற்றுள் ஜாவாவில் எழுதிய பியர்சிம், ஆம்நெட்++ மீது கட்டிய ஓவர்சிம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. பியர்சிம், பொதி செல்லும் நேரத்தைக் கணக்கிடாத எளிய சுழற்சி முறையால் பத்து லட்சம் கணுக்கள் வரை தாங்கும்; அந்த அளவுக்குத் துல்லியம் குறையும்.

கிரிட், கிளவுட் அமைப்புகளுக்கும் இத்தகைய கருவிகள் வந்தன. மைசூர், பெங்களூர்ப் பல்கலைக்கழகங்களில் படித்த ராஜ்குமார் புய்யா 2002இல் மன்சூர் முர்ஷெதுடன் கிரிட்சிம் கருவியை வெளியிட்டார். பின்னர் மெல்போர்னில் அவருடைய குழு கிளவுட்சிம்மை உருவாக்கியது. இது டேட்டா சென்டர், மெய்நிகர் கணினி, அவற்றுக்கு வேலை ஒதுக்கும் முறை ஆகியவற்றைப் பாவனை செய்யும்.

இன்று என்.எஸ்-3, லினக்ஸ் கணினிக்குள்ளேயே உண்மையான நிரலை ஓட்டும் மினிநெட், வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துத் தரவுத்தளங்களைச் சோதிக்கும் ஜெப்சன் ஆகியவை புழக்கத்தில் உள்ளன.

வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் உட்படத் தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் கணினி அறிவியல் மாணவர்கள் இக்கருவிகளைப் பாடத்திட்டம் வழியே சந்தித்தார்கள். 2017 ரெகுலேஷனின் நெட்வொர்க்ஸ் லேபில் என்.எஸ். கொண்டு நெரிசல் கட்டுப்பாட்டைப் பாவனை செய்யும் பயிற்சி இருந்தது. கேசவ் எடுத்துக்கொண்ட அதே கேள்விதான் அது. கிளவுட் லேபில், கிளவுட்சிம்மில் ஏற்கெனவே இல்லாத ஒரு வேலை ஒதுக்கீட்டு முறையை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது. பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதாமல் மாணவர் தாமே முறையை வகுத்தால் இரண்டில் சிறந்த பயிற்சி இதுவே. என்.எஸ்-2இன் 2.35ஆம் பதிப்பு 2011இல் வந்தது. அதன் பிறகு வளர்ச்சி முழுவதும் 2008இல் முதல் பதிப்பு கண்ட என்.எஸ்-3இல்தான். லேப் பயிற்சிகளும் அதற்கு மாற வேண்டும். என்.எஸ்-3, மினிநெட், பியர்சிம், கிளவுட்சிம் நான்கும் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும்.