குதிரை வந்தது, லாடக்காரன் வரவில்லை

பாபடோயிட்டோயில் வாழும் எம்மவர் பலர் பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் இடம் ஹன்டர்ஸ் கோர்னர். அப்பெயர் எப்படி வந்தது என்று எம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போமோ தெரியாது. பகுரங்கா வேட்டைக் குழுவினர் தம் குதிரைகளோடும் வேட்டை நாய்களோடும் இப்பகுதியில் கூடிய காலத்தின் எச்சமே அப்பெயர். அவ்வழியே செல்லும் கிரேட் சவுத் வீதியும் 1860-களின் தொடக்கத்தில், வைகாத்தோ மாவோரி மக்கள்மீது படை நடத்துவதற்காகக் குடியேற்ற அரசு வெட்டிய வீதியேயாகும். இந்நாட்டுக்கு முதற் குதிரைகள் வந்தது 1814 டிசம்பரில். சாமுவேல் மார்ஸ்டன் பாதிரியார் ஓர் ஆண் குதிரையையும் இரண்டு பெண் குதிரைகளையும் கப்பலில் கொண்டுவந்து வடக்கே ரங்கிஹௌவாவில் இறக்கினார்.

இவற்றையெல்லாம் நான் அறிந்தது புத்தகத்தின் வாயிலாக மட்டுமன்று. ஊரில் வரலாறு கற்பித்த எனக்கு, இங்கு வந்த புதிதில் கிடைத்த முதல் வேலை தக்கானினியில் ஒரு குதிரை லாயத்தைக் கூட்டித் துப்புரவாக்கும் வேலை. அக்காலத்தில் தக்கானினி பந்தயக் குதிரைப் பயிற்சிக்குப் பேர்பெற்ற இடம். இன்று அங்கு பெரும்பாலும் வீடுகளே உள்ளன. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, இருளில் போய், சாணம் அள்ளி, மரத்தூள் பரப்ப வேண்டும். அதைப்பற்றி முறையிட இதை எழுதவில்லை. அங்கு நான் கண்ட ஒரு காட்சி, முப்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பறையில் நான் ஒரே வரியில் கடந்துபோன ஒரு செய்தியின் பொருளை எனக்கு விளக்கிற்று. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அந்த லாயத்தில் ஒரு முதிய பெண் குதிரை நின்றது. ஓரிரவு அது தீனி அறைக்குள் புகுந்து மூட்டைத் தானியத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டது. அறைக் கதவின் கொளுக்கியை நான்தான் சரியாகப் போடாமல் விட்டேனோ என்ற ஐயம் இன்றுவரை எனக்குண்டு. எவரும் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. மூன்றாம் நாள் குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, உடற்பாரத்தைப் பின்கால்களில் சுமத்தி, சுடுமணலில் நிற்பதுபோல நின்றது. ஓரடி எடுத்து வைக்க மறுத்தது.

மிருக வைத்தியர் வந்தார். குளம்பின்மேல் கையை வைத்துச் சூடு பார்த்தார். கணுக்காலின் பின்புறம் நாடித் துடிப்பைத் தேடினார். பெரிய குறடு போன்ற ஒரு கருவியால் குளம்பை இடமிடமாக அழுத்தி, எவ்விடத்தில் குதிரை காலை இழுக்கிறது என்று நோக்கினார். பின் எக்ஸ்ரே படம் எடுத்தார். இந்தக் குதிரைக்கு நோயிடம் வெளிப்படையாகவே இருந்தது. நொண்டலின் காரணம் புலப்படாத குதிரைகளுக்கு வேறொரு முறையைக் கையாள்வதையும் பின்னர் கண்டேன். காலின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு நரம்பாக மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வோர் ஊசிக்குப் பின்னும் குதிரையை நடத்திப் பார்ப்பார்கள். எந்த ஊசியோடு நொண்டல் மறைகிறதோ, அந்த நரம்பு காக்கும் இடத்திலேதான் நோய். வாய்பேசாத பிராணியிடமிருந்து விடை வாங்கும் முறை இது. ஆசிரியனாகிய நான் அதை வியந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

எம் விரல் நுனி நகத்தினுள் பொருந்தியிருப்பதுபோல, குதிரையின் குளம்புக்குள் ஓர் எலும்பு பொருந்தியிருக்கிறது. அந்த எலும்பையும் குளம்பின் வெளிச்சுவரையும் புத்தகத்தாள்கள்போல் அடுக்கடுக்காக மடிந்த மென்சவ்வுகள் கோத்துப் பிடிக்கின்றன. குதிரையின் பாரம் முழுவதும் இச்சவ்வுகளில்தான் தொங்குகிறது. மாவுச்சத்து மிகுந்த தானியம் அளவுமீறிச் சென்றால், அது பெருங்குடலில் புளித்து நஞ்சாகி, அதன் விளைவாகச் சவ்வுகள் அழற்சியுற்றுப் பிடி விடுகின்றன. பிடி விட்டதும் எலும்பு சுழன்று கீழே இறங்கும். கடுமையானால் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வயிற்றில் தொடங்கிக் காலில் முடியும் நோய் இது.

மறுநாள் லாடம் அடிப்பவர் வந்தார். வைத்தியரும் கூடவே வந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி இருவரும் நெடுநேரம் வாதிட்டார்கள். எவ்வளவு செதுக்குவது, எங்கே தாங்குவது என்பதுதான் வாதம். குளம்பின் முன்முனை நீண்டிருந்தால் ஒவ்வோர் அடியிலும் அது நெம்புகோல்போல் சவ்வைக் கிழிக்கும். ஆகவே முன்முனையைக் குறைத்தார். குளம்பின் அடியில் முக்கோணமாக உள்ள மெத்தென்ற பகுதியைத் தாங்குமாறு, நடுவில் பட்டையொன்று நீண்ட லாடத்தை உலையிலே காய்ச்சித் தட்டி உருவாக்கினார். அளவு மிகின் அது அழுத்தும்; குறையின் தாங்காது. ஆணிகள் உணர்ச்சியற்ற வெளிச்சுவரில் மாத்திரம் செல்ல வேண்டும். நூலளவு உள்ளே சென்றாலும் தசையில் தைத்துவிடும். தானியம் முற்றாக நிறுத்தப்பட்டது. காலடியில் ஒரு முழ ஆழத்துக்கு மரத்தூள் பரப்பினேன். ஆறு வாரத்துக்கொருமுறை இருவரும் வந்தார்கள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கே வளரும். முன்முனை முழுதும் புதிதாக ஏறக்குறைய ஓராண்டு வேண்டும். ஓராண்டின் பின் அக்குதிரை ஓடவில்லை. ஆயினும் புல்வெளியில் நோவின்றி நடந்தது.

அந்த ஓராண்டில் ஒருநாள், சாணம் அள்ளும் கருவியோடு நின்றபோதுதான் பாண்டியர் வரலாறு நினைவுக்கு வந்தது. "பாண்டியர் அரபு நாட்டிலிருந்து குதிரைகளை இறக்குமதி செய்தனர்." இவ்வளவையே மாணவர்க்குச் சொல்லி, அடிக்கோடிடச் செய்து, அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தது என்ன? மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268 முதல் நாற்பது ஆண்டளவு ஆண்டவன். அவன் காலத்தில், 1290-களின் தொடக்கத்தில், மார்க்கோ போலோ பாண்டிநாட்டுக் கரைக்கு வந்தான். அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், அவன் சகோதரர் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் அவற்றுட் சொற்பமே உயிரோடு எஞ்சுகின்றன என்று அவன் எழுதியுள்ளான். காரணமும் கூறுகிறான்: அங்கு குதிரை வைத்தியரும் லாடக்காரரும் இல்லை, பேணும் முறையை எவரும் அறியார், சமைத்த இறைச்சியையும் சோற்றையும் குதிரைக்கு ஊட்டுகின்றனர். அதற்கடுத்து அவன் எழுதியிருப்பதே நெஞ்சில் தைப்பது. ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை கொண்டுவரும் வணிகர்கள் தம்மோடு லாடக்காரரை அழைத்து வருவதில்லை. எவரும் அங்கு போகவும் விடுவதில்லை. குதிரைகள் சாகச்சாக அவர்களுக்கு ஆதாயம்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் சிறிது பின்னர் எழுதியவர். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இந்தியத் துறைகளுக்குச் சென்றன என்றும், அவற்றின் விலை இருபத்திரண்டு இலட்சம் தினார் என்றும் கணக்குத் தருகிறார். அதாவது குதிரையொன்றுக்கு 220 தினார். அப்பணம் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும், கோயில்களைச் சார்ந்த கணிகையர்மீது விதித்த வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதாம். வழியிலே குதிரை இறந்தாலும் விலை கொடுக்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தம். அக்காலத்தில் பாண்டியனின் அமைச்சனாகவும் காயல் முதலிய துறைகளின் பொறுப்பாளனாகவும் இருந்த தகியுத்தீன், குதிரை அனுப்பிய ஜமாலுத்தீனின் உடன்பிறந்தான். விற்பவனும் வாங்குவோரின் ஆலோசகனும் ஒரே வீட்டுக்காரர் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிறிது பொறுத்து வந்தது சிரிப்பன்று.

குதிரைகள் வந்திறங்கியதும் நிகழ்ந்ததையும் வஸ்ஸாப் வருணிக்கிறார். வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயிற் சமைத்த தானியமும், காய்ச்சிய பசுப்பாலும் கொடுத்து, கயிற்றாலும் முளையாலும் நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்க வைப்பார்களாம். அதன்பின் பயிற்சியெதுவுமின்றி ஏறி விரட்டுவார்களாம். அற்ப நாளில் அவை தளர்ந்து பயனற்றுப் போகுமாம். தக்கானினிக்குப் போகுமுன் இதை நான் வாசித்திருந்தால், மூடத்தனம் என்று மட்டும் எண்ணியிருப்பேன். மூட்டைத் தானியம் தின்ற அந்தக் குதிரையைக் கண்ட பின்போ, நாற்பது நாட் கொழுந்தீனியும் அசைவின்மையும் குளம்புக்கு என்ன செய்யும் என்பது தெளிவாயிற்று. காயல் துறையிலிருந்து மதுரைக்குச் சென்ற குதிரைகளுட் பல இந்நோயினாலேயே விழுந்திருக்கும் என்பது என் ஊகம். ஆதாரம் கேட்டால், வஸ்ஸாப் தரும் தீனிப்பட்டியலைத் தவிர வேறில்லை.

இவ்விடத்தில் நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. போலோ கேட்டதையெல்லாம் பெருக்கி எழுதியவன். வஸ்ஸாப் பாண்டிநாட்டை நேரிற் காணாதவர். தமிழ்நாட்டின் ஈரமும் வெப்பமும் பாலைநிலக் குதிரைக்கு ஒவ்வாதவை. கடிக்கும் ஈக்களால் பரவும் 'சுர்ரா' என்னும் காய்ச்சலின் கிருமியை கிரிபித் எவான்ஸ் என்ற மிருக வைத்தியர் பஞ்சாபில் கண்டுபிடித்தது 1880-ல்தான். அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அதை எவர் அறிந்திருக்க முடியும்? எல்லாச் சாவையும் குளம்பின் தலையில் கட்டிவிட முடியாது.

அறிவே இல்லாத நாடு என்றும் கூறிவிட முடியாது. சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் அசுவ சாஸ்திரங்கள் வடமொழியில் உள்ளன; தஞ்சை சரசுவதி மகாலில் படங்களுடன் கூடிய சுவடி உண்டு; அந்நூலகம் 1952-ல் அதை அச்சிலும் வெளியிட்டது. ஆனால் ஏட்டிலிருந்த சாஸ்திரத்துக்கும் உலைக்கூடத்துக் கொல்லனுக்கும் இடையே எவர் பாலம் அமைத்தார்? ஏடு அவிழ்த்தவர் குதிரையின் காலைத் தூக்கியிருக்க மாட்டார். காலைத் தூக்கியவருக்கு ஏட்டைத் தொட உரிமை இருந்திராது. அரபு மொழியில் 'பைத்தார்' என்ற ஒரே சொல் மிருக வைத்தியனையும் லாடக்காரனையும் குறிக்கும். பாண்டியன் ஆண்ட அதே தலைமுறையில், கெய்ரோவில் சுல்தான் அல்-நாசிருடைய லாயத் தலைவனான அபூபக்கர் இப்னு பத்ர் குதிரை வைத்தியத்தைப் பற்றிப் பெருநூல் எழுதினான். அவனும் ஒரு பைத்தார்தான்.

எம் சமய மரபிலும் இக்குதிரை வணிகம் ஆழப் பதிந்துள்ளது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலாக்கிய மாணிக்கவாசகரையும், நரி பரியான கதையையும் அறியாத சைவப் பிள்ளை இல்லை. வந்த குதிரைகள் இரவோடிரவாக நரிகளாயின என்ற கதையில், விலைகொடுத்து வாங்கியது கையில் நில்லாமற் போன ஓர் அரசின் ஏக்கமும் ஒளிந்திருக்கிறதோ என்று நான் எண்ணுவதுண்டு. பக்தர்கள் பொறுத்தருள்க.

பாண்டியரோடு இது முடிந்ததா என்றால் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன், கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுத்தானென்று போர்த்துக்கேயனான நூனிஸ் எழுதியிருக்கிறான். சான்றாக அதன் வாலை மட்டும் அறுத்துக்கொண்டுவந்து காட்டினால் போதுமாம். வாலுக்குப் பொன் கொடுத்த அரசு குளம்புக்கு ஒரு பள்ளி அமைக்கவில்லை. உலகின் முதல் மிருக வைத்தியக் கல்லூரி 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் தோன்றியது. சென்னையில் அப்படியொன்று தோன்ற 1903 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எமது யாழ்ப்பாணத்தில் குதிரை அரிது, லாடன் அரிதன்று. வண்டில் மாட்டைக் கயிற்றால் வீழ்த்தி, நான்கு காலையும் கட்டி, லாடன் அடிப்பதைச் சிறுவயதில் கூடிநின்று பார்த்த தலைமுறை நாங்கள். பிளவுபட்ட குளம்பாதலால் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு துண்டு. இதைத் தக்கானினி லாடக்காரருக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை. சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் வரைந்து காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, ஆணி எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். வெளிப்பக்கம் என்றேன். சரியென்று தலையசைத்தார். என் நியூசிலாந்து வாழ்வில் ஒருவர் என்னிடம் பாடம் கேட்டது அதுவே முதல் தடவை.

குதிரை பற்றிக் கேட்டபோது நெடுந்தீவைச் சொன்னேன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துக் குதிரை வளர்த்த தீவு அது. ஒல்லாந்தர் தம் நகரின் பெயரால் அதை டெல்ப்ற் என்றழைத்தனர். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அதிகாரி அங்கிருந்து குதிரை வளர்ப்பை நடத்தினான். பின்னர் அரசு கைவிட்டது, குதிரைகள் தங்கிவிட்டன. அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் வெளியில் திரிகின்றன. அவற்றுக்கு லாடமில்லை, கொழுந்தீனியில்லை. முருகைக் கற்பார்மீது நாள் முழுவதும் நடந்து குளம்பு தானே தேய்ந்து அளவாகிறது. அவற்றைக் கொல்வது வறட்சிக்காலத் தாகம். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் கற்றூண்கள் கூரையின்றி அங்கே நிற்கின்றன. வெயிலேறும் நேரத்தில் குதிரைகள் அவற்றின் நிழலில் ஒதுங்கி நிற்கும்.