சரக்கு வண்டியின் உயரம்: மாட்டு வண்டி முதல் பிக்கப் வரை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் அமைந்துள்ள பேரூர் கீழ்பென்னாத்தூர். நெல்லும் மணிலாவும் கரும்பும் விளையும் பகுதி இது. விளைந்த பொருள் களத்திலிருந்து சந்தைக்குப் போக ஏரிக்கரையையும் வண்டிப் பாட்டையையும் கடக்க வேண்டும். அதனால் சரக்கு வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இத்தகைய ஊர்களில் பழைய கேள்வியாகும். தாழ்ந்தால் அடி தட்டும். உயர்ந்தால் குடை சாயும். காலந்தோறும் இந்த இரண்டுக்கும் இடையிலேயே விடை தேடப்பட்டது.

மாட்டு வண்டிக் காலம்

இரும்புப் பட்டா போட்ட பெரிய மரச் சக்கரமே கட்டை வண்டியின் சிறப்பு. சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் முழுதாக இறங்காது. கல்லிலும் எளிதில் ஏறிவிடும். ஆனால் அச்சுக்கு மேலே பலகையும் அதன் மேலே பாரமும் அமைவதால் வைக்கோல் ஏற்றிய வண்டி வரப்போரம் சாய்வது வழக்கமாக இருந்தது.

ஆட்கள் பயணம் செய்த வில் வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகு வில் இருந்தது. பெயரும் அதனால் வந்ததே. இங்கிலாந்தில் ஒபதயா எலியட் என்பவர் 1804-ல் நீள்வட்ட வடிவ வில்லுக்குக் காப்புரிமை பெற்ற பின் குதிரை வண்டிகளில் இது பரவியது. இன்றைய பிக்கப் வண்டியின் பின்புறம் உள்ள கமான் பட்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

பின்னர் வந்த டயர் வண்டியில் சக்கரம் சிறிதாகி, பலகை தாழ்ந்தது. மூட்டை ஏற்றுவது எளிதாயிற்று. மாட்டுக்கு இழுவைச் சுமையும் குறைந்தது.

ஜீப்பும் குட்டி யானையும்

1947 முதல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்றது. நாற்சக்கர இழுவையும், அச்சுக்கடியில் நல்ல இடைவெளியும் உள்ள வண்டி அது. மலையடிவாரத்துக்கும் சேற்றுக்கும் ஏற்றதாக இருந்தாலும் அதில் ஏற்றக்கூடிய சரக்கு குறைவு.

2005-ல் டாடா ஏஸ் வந்தது. தமிழ்நாட்டு மக்கள் அதற்கு வைத்த பெயர் குட்டி யானை. இரு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின் கொண்ட அந்த வண்டியின் தரை இடைவெளி 160 மில்லிமீட்டர். தளம் தாழ்வாக இருப்பதால் இருவர் சேர்ந்து மூட்டையை எளிதாக ஏற்றலாம். 2011-ல் ஓசூரில் உற்பத்தியான அசோக் லேலண்டு தோஸ்த் வந்தது. சிறு வண்டிகள் பெருகியபின், களத்து வழியில் அடி தட்டுகிறதே, வண்டியைச் சற்று உயர்த்தலாமா என்ற எண்ணமும் எழுந்தது.

உயர்த்தும் முறைகள்

பொதுவாக மூன்று வழிகள் உண்டு. அச்சுக்கும் கமான் பட்டைக்கும் இடையே கட்டை வைத்து நீளமான யூ போல்ட் போடுவது ஒன்று. பட்டைகளைக் கூட்டுவது இரண்டாவது. பெரிய டயர் மாட்டுவது மூன்றாவது.

முதல் இரண்டும் உடலைத்தான் உயர்த்தும். அச்சும் அதன் நடுவிலுள்ள உருண்டையான கிரவுன் பகுதியும் பழைய உயரத்திலேயே நிற்கும். கல்லில் தட்டுவது அந்த உருண்டை என்றால் கட்டை வைத்துப் பயனில்லை. டயர் ஒன்றே அச்சை உயர்த்தும். அதுவும் விட்டம் 5 செ.மீ. கூடினால் உயரம் 2.5 செ.மீ. மட்டுமே கூடும்.

பட்டை கூட்டினால் வெறும் வண்டி துள்ளும். பல பிக்கப் வண்டிகளில், அச்சுக்கும் உடலுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டு பாரத்தை அறிந்து பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு. உடலை உயர்த்தி அதைச் சரிசெய்யாமல் விட்டால், பாரம் இருந்தும் இல்லாததுபோல் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும்.

சாயும் கணக்கு

இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவது நிலைத்தன்மை எண். எடுத்துக்காட்டாக அகலம் 140 செ.மீ., ஈர்ப்பு மைய உயரம் 70 செ.மீ. என்றால் எண் 1. அந்த மையம் 10 செ.மீ. உயர்ந்தால் எண் 0.875 ஆகக் குறையும். எண் குறையக் குறைய, வளைவில் வண்டி கவிழும் வேகமும் குறையும்.

பின்தளத்தில் ஆட்கள் நின்றால் மையம் மேலும் உயர்கிறது. 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில் கோயிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய சரக்கு வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது என்ற விதி வெறும் சம்பிரதாயம் அன்று.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் மூல அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அளவைத் தேர்தல்

ஆகவே வண்டியில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை சில. தட்டுவது உடலா, அச்சா என்று அடையாளம் காண வேண்டும். பாரம் ஏற்றிய நிலையில் இடைவெளியை அளக்க வேண்டும். அளவு மீறிய பாரமா என்று பார்க்க வேண்டும். பழைய பட்டை தளர்ந்து வண்டி இறங்கியிருந்தால், நிறுவன அளவிலேயே புதுப் பட்டை போடுவது இழந்த உயரத்தை மீட்டுத் தரும். சட்டச் சிக்கலும் இல்லை. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், வழிக்கேற்ற உயரத்துடன் ஆலையிலேயே அமைந்த வண்டியைத் தேர்வதே சரி. மழைக்காலத்தில் சில நாள் மட்டும் தட்டும் இடத்தில், பள்ளத்தில் நாலு கூடை மண் கொட்டுவது அதைவிடவும் மலிவு.