கெட்ட குமாரனும் கிரியர்சனின் இலக்கணமும்

ஜார்ஜ் கிரியர்சன் தலைமையில் 1894 முதல் 1928 வரை நடைபெற்ற இந்திய மொழியியல் அளவாய்வின் தொகுதிகளைப் புரட்டுவோர் ஒரே கதையை மீண்டும் மீண்டும் காண்பர். லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் உவமைக் கதை அது. தந்தையிடம் தன் பங்கைக் கேட்டுப் பெற்ற இளைய மகன் தொலைநாட்டில் அதனை அழிக்கிறான். பஞ்சத்தில் பன்றி மேய்க்கிறான். இறுதியில் வீடு திரும்புகிறான். ஒவ்வொரு மொழிக்கும் கிளைமொழிக்கும் உரிய மாதிரியாக இக்கதையின் மொழிபெயர்ப்பே திரட்டப்பட்டது.

இத்தேர்வுக்குக் கூறப்பட்ட காரணம் சமயம் சார்ந்ததன்று. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிடப் பெயர்களும், பெரும்பாலான வேற்றுமைகளும், முக்காலமும் இச்சிறு கதைக்குள் அமைந்துள்ளன என்பதே காரணம். இந்தியர் மனம் புண்படாதவாறு சில சொற்கள் மட்டும் மாற்றப்பட்டன.

சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் அரசுகளும் அளவாய்வின் எல்லைக்குள் வரவில்லை. நான் வாழும் சைனிக்புரி, ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கென உருவான குடியிருப்பு. அன்று நிசாமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இந்நிலமும் அதனால் வெளியே நின்றது. ஆயினும் ஸ்டென் கோனோ தொகுத்து 1906இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் முண்டா மொழிகளோடு தமிழும் பிற திராவிட மொழிகளும் இடம்பெற்றன.

தமிழுக்கு இக்கதை அப்போது புதியதன்று. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. பப்ரீசியஸின் மொழிபெயர்ப்பு 1772இலும், ஹென்றி பவர் தலைமையிலான திருத்தப் பதிப்பு 1871இலும் வந்தன. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இக்கதை ‘கெட்ட குமாரன்’ என்றும், கத்தோலிக்கரிடையே ‘ஊதாரி மைந்தன்’ என்றும் பெயர் பெற்றது. இரு பெயர்களும் நற்செய்தியின் வசனங்களுள் இல்லை, வழக்கில் எழுந்தவை. ‘ஊதாரி’ என்னும் பெயர் மகனின் செலவைக் கணக்கிடுகிறது. ‘கெட்ட’ என்பதோ இன்றைய காதுக்கு ஒழுக்கத் தீர்ப்பாகவே ஒலிக்கிறது.

இவ்விடத்தில் சொல்வரலாறு உதவுகிறது. ‘கெடு’ என்னும் வினைக்கு அழிதல், பழுதாதல் என்பவற்றோடு, பழந்தமிழில் தொலைத்தல், இழத்தல் என்னும் பொருளும் உண்டு. தொலைந்துபோய் மீண்டும் கிடைத்த அணிகலனை உவமையாக்கும் நற்றிணைப் பாடல் ஒன்றில், தொலைத்தலைக் குறிக்க ஆளப்படுவது இவ்வினையே. அங்கே அணிகலன் தீயதாகிவிடவில்லை. உரியவர் கையை விட்டு அகன்றது, அவ்வளவே.

மூலக் கிரேக்கத்தில் உள்ள ‘அப்பொல்லுமி’ என்னும் வினைக்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. ஒரே அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டுக்கும், தொலைந்த நாணயத்துக்கும், பிரிந்த மகனுக்கும் அச்சொல்லே வருகிறது. பசியால் மாய்கிறேன் என்று மகன் தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் அதுவே. நம் மொழிபெயர்ப்பு இவ்விடங்களில் காணாமற்போதல், சாதல் என இரு வினைகளைக் கையாள்கிறது. இரண்டையும் ஒருங்கே தாங்கவல்ல ‘கெடு’ கதையின் பெயரில் மட்டும் நிலைத்தது. அங்கும் அதன் பழைய பொருள் மங்கிவிட்டது. ஜெர்மன் மொழியில் இக்கதைக்கு வழங்கும் பெயர் ‘காணாமற்போன மகன்’ என்றே பொருள்படும் என்பதையும், சீகன்பால்குவும் பப்ரீசியஸும் ஜெர்மானியர் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

இதனால் மகன் குற்றமற்றவன் என்றாகிவிடாது. தான் பாவம் செய்ததாக அவனே அறிக்கையிடுகிறான். ஆனால் தந்தை அவனைக் குறிக்கத் தேர்ந்தெடுக்கும் சொல் குற்றத்தைப் பற்றியதன்று, இழப்பைப் பற்றியது. கூலியாள்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்க மகன் எண்ணி வந்திருந்தான். அவ்வேண்டுகோளை அவன் கூறுமுன்பே தந்தை ஆடையும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

கிரியர்சன் இலக்கணத்துக்காகத் தேர்ந்த மூவிடப் பெயர்களில்தான் கதையின் கடைசிச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. வயலிலிருந்து வந்த மூத்த மகன் வீட்டினுள் நுழைய மறுக்கிறான். தம்பியை அவன் ‘தம்பி’ என்று சொல்வதில்லை. ‘உம்முடைய மகன்’ என்று தந்தையிடமே தள்ளிவிடுகிறான். தந்தை அதே மனிதனை ‘உன் சகோதரன்’ என்று திருப்பித் தருகிறார். முன்னிலை உடைமைப் பெயர் அப்படியே நிற்கிறது. அது சுட்டும் ஆளும் உறவுப்பெயருமே மாறுகின்றன. மூத்தவன் உள்ளே சென்றானா என்பதைக் கதை சொல்லாமலே முடிகிறது.

இறைவனை விட்டு விலகியவர் திரும்பி வருவதைக் கிறித்தவ மரபு பெரும்பாலும் இளையவன் பக்கம் நின்றே பேசியுள்ளது. என் வாசிப்பில், வரவேற்பு நிறைவடைவது வாசலில் நிற்பவனின் சொல்லில். தந்தை மன்னித்துவிட்டார், வீடு ஏற்றுக்கொண்டதா என்பதை அண்ணன் வழங்கும் உறவுப்பெயரே காட்டும். திரும்பி வந்தவரை ‘கெட்டுப்போனவர்’ என்று இன்றும் நாம் குறிக்கும்போது, அச்சொல்லின் எந்தப் பொருளை மனத்தில் வைத்துப் பேசுகிறோம்? சொற்பொருள் மாற்றம் குறித்து ஆய்வோர் தம் வட்டாரத்தில் ‘கெடு’ இன்னும் தொலைத்தலைக் குறிக்கிறதா என்பதைக் கேட்டறிந்து இங்கே பகிர வேண்டுகிறேன்.