ரெண்டு லைட், ஒரு பழுது: எஞ்சினும் சில்லும் பேசத் தொடங்கிய வரலாறு

கம்பளையில இருந்து புசல்லாவைக்கு ஏறுற ஏ5 வீதி. மழை, பனிமூட்டம், அடுத்தடுத்து வளைவு. ஏறிக்கிட்டு இருக்கிற காருக்குத் திடீர்னு இழுவை குறையுது. டேஷ்போர்டில எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியுது. அதோட சேர்ந்து, வழுக்கிப் போற கார் மாதிரி ஒரு படம் இருக்குமே, அந்த ட்ரக்ஷன் கொன்ட்ரோல் லைட்டும் எரியுது. பார்த்த உடனே நாம போடுற கணக்கு: ரெண்டு பழுது, ரெண்டு செலவு.

ஆனா பல நேரம் பழுது ஒண்ணுதான். அப்படின்னா ஏன் ரெண்டு லைட்? அதோட, கையில இருக்கிற மலிவான ஸ்கேனர் ஏன் ஒரு லைட்டோட காரணத்தை மட்டும் சொல்லிட்டு மற்றதுக்கு வாய் திறக்காம இருக்கு? இந்த ரெண்டு கேள்விக்கும் விடை மெக்கானிக் புத்தகத்தைவிட வரலாற்றுலதான் அதிகமா இருக்கு.

முதல் லைட் பிறந்தது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தோட புகையில. 1940களில அந்த நகரத்து மக்களுக்குக் கண் எரிஞ்சது, பயிர் கருகினது, காரணம் யாருக்கும் விளங்கல. நெதர்லாந்தில பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித்தான் 1950களின் தொடக்கத்தில அதை விளக்கினார். வாகனங்களும் எண்ணெய்த் தொழிலும் வெளியே விடுற ஐதரோகாபன்களும் நைட்ரஜன் ஒக்சைட்டுகளும் வெயில்ல ஒண்ணா வேதிமாற்றம் அடையுறதுதான் அந்தப் புகைமூட்டம். 1967இல் கலிபோர்னியா மாநிலம் காற்று மாசைக் கட்டுப்படுத்த ஒரு தனிச் சபை அமைச்சப்போ, அதன் முதல் தலைவரும் அவர்தான்.

சட்டம் இறுகினதும் வாகனத்துக்குள்ள புதுப் பாகங்கள் வந்தன. 1975 முதல் அமெரிக்கக் கார்களில புகையைச் சுத்தம் செய்யுற கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் பரவலாச்சு. அதன் அடுத்த தலைமுறை ஒழுங்கா வேலை செய்யணும்னா, ஒரு பங்கு பெற்றோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்றுன்னு கலவையை விடாம பிடிச்சு வைக்கணும். கார்பரேட்டருக்கு அந்த நுணுக்கம் வராது. அதனாலதான் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. சென்சர்களை ஓயாம பார்த்துக்கிட்டு இருக்கிற கம்ப்யூட்டருக்கு, எந்தச் சென்சர் பொய் சொல்லுதுன்னும் கண்டுபிடிக்க முடியும். 1981இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன்னோட அமெரிக்கக் கார்களில இதைப் பரவலாக்கினது. பிளக்கில ரெண்டு முனையை ஒரு கம்பியால இணைச்சா லைட் மின்னும். ஒரு தடவை மின்னி, நின்னு, ரெண்டு தடவை மின்னினா அது 12. நம்ம ஊர்ல ஓடின 1990களின் டொயோட்டாக்களிலயும் போனட்டுக்குக் கீழ இருந்த சின்னப் பெட்டியில இதே மாதிரி கம்பி போட்டு எண்ணினாங்க.

1988 மாடலில இருந்து கலிபோர்னியா இந்தச் சுயபரிசோதனையைக் கட்டாயமாக்கினது. ஆனாலும் ஒவ்வொரு கம்பனிக்கும் தனிப் பிளக், தனி எண். 1990இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்துக்கு வந்த திருத்தம் இன்னொரு கதவைத் திறந்தது: புகை சம்பந்தப்பட்ட பழுதுத் தகவலை, வாகனம் திருத்துற எவருக்கும் கொடுக்கணும். 1996இல் அமெரிக்காவில விற்ற எல்லாப் புதுக் கார்களுக்கும் ஒரே 16 முனைப் பிளக், ஒரே குறியீடுகள். பி0301னா எந்தக் கம்பனி காரா இருந்தாலும் முதலாம் சிலிண்டர் சரியா எரியலன்னு அர்த்தம். அதே பிளக்தான் இப்போ நம்ம ஸ்டியரிங்குக்குக் கீழயும் இருக்கு.

ரெண்டாவது லைட்டுக்கும் புகைக்கும் சம்பந்தமே இல்ல. அது ஐரோப்பாவின் ஈரமும் பனியும் நிறைஞ்ச வீதிகளுக்காகப் பிறந்தது. 1978இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் செய்த ஏபிஎஸ் பிரேக், மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில வந்தது. ஒவ்வொரு சில்லும் எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு சென்சர் பார்க்கும். பிரேக் பிடிக்கும்போது ஒண்ணு பூட்டிக்கிட்டா கம்ப்யூட்டர் விட்டுக் கொடுக்கும். அதே சென்சரை வச்சு எதிர்ப்பக்கமாவும் யோசிக்கலாம்: எக்சலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சில்லு மட்டும் வெறுமனே சுழன்றா? 1986இல் பொஷ் ட்ரக்ஷன் கொன்ட்ரோலையும், 1995இல் வளைவுல வண்டியை நேராக்குற ஈஎஸ்பியையும் கொண்டு வந்தது.

சுழலுற சில்லை அடக்க ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, அந்தச் சில்லுக்கு மட்டும் பிரேக் பிடிக்கிறது. மற்றது, எஞ்சின்கிட்ட "விசையைக் குறை"ன்னு கேக்கிறது. இந்த ரெண்டாவது வழிதான் நம்ம கதையோட முடிச்சு. பிரேக் கம்ப்யூட்டர் கேட்கணும், எஞ்சின் கம்ப்யூட்டர் கீழ்ப்படியணும். அதுக்கு ரெண்டும் பேசிக்கணும். 1986 பெப்ரவரியில டெட்ரோயிட்டில பொஷ் அறிமுகப்படுத்தின கேன் முறை அதைச் சுலபமாக்கினது: முறுக்கின ரெண்டு வயர், எல்லாக் கம்ப்யூட்டரும் அதுலயே பேசும். எக்சலரேட்டர் கேபிள் போய் எலக்ட்ரோனிக் த்ரோட்டில் வந்ததும், காற்றுக் கதவைத் திறக்கிறதும் மூடுறதும் கம்ப்யூட்டர் கைக்கு வந்தது.

இப்போ புசல்லாவை ஏற்றத்துக்கே வருவோம். ஈரத்தில ஒரு இக்னிஷன் கொயில் பலவீனமாகி, முதலாம் சிலிண்டர் எரியாம விடுது. எஞ்சின் கம்ப்யூட்டர் பி0301 எழுதுது, முதல் லைட் எரியுது. கூடவே கேன் வழியா, எஞ்சின் விசையை இப்போ நம்பிக் கணக்குப் போட முடியாதுன்னு மற்றக் கம்ப்யூட்டர்களுக்கும் தெரிய வருது. அதைக் கேட்ட ட்ரக்ஷன் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கிட்டு தன் லைட்டையும் போடுது. பல டொயோட்டாக்களில அது எழுதுற குறியீடு சி1201. அர்த்தம், எஞ்சின் கட்டுப்பாட்டுல பழுது. அதாவது பக்கத்து வீட்டைக் கை காட்டுது. சில்லிலயோ பிரேக்கிலயோ ஒரு குறையும் இல்ல.

இதை வச்சுத் தேடுற வரிசையும் அமையுது. எஞ்சின் லைட்டும் ட்ரக்ஷன் லைட்டும் மட்டும் எரிஞ்சா முதல்ல 'பி' குறியீட்டைத் துரத்தணும். ஏபிஎஸ் லைட்டும் ட்ரக்ஷன் லைட்டும் எரிஞ்சு எஞ்சின் லைட் அமைதியா இருந்தா, சில்லுச் சென்சரிலயும் அதன் வயரிலயும் தொடங்கலாம். 'யு'ல தொடங்குற குறியீடுகள் கூட்டமா வந்தா கம்ப்யூட்டர்களுக்கு இடையில பேச்சு அறுந்திருக்கு. அப்போ பேட்டரி, எர்த், வயர் பிளக்குகளைப் பார்க்காம எந்தப் பாகத்தையும் வாங்கக் கூடாது.

சிக்கல் என்னன்னா, ரெண்டு லைட்டையும் தொழில்நுட்பம் இணைச்சாலும் சட்டம் இணைக்கல. 1990 திருத்தம் காற்றுக்காக எழுதப்பட்டது. அதனால திறந்து விட்டது புகையோட சம்பந்தப்பட்ட எஞ்சின் பக்கத்தை மட்டும்தான். பிரேக்கும் ட்ரக்ஷனும் கம்பனியோட பூட்டுக்குள்ளயே இருந்தது. போனோட இணைக்கிற சின்ன ஸ்கேனர் பெரும்பாலும் 'பி'யை வாசிச்சு 'சி'யில நின்னுபோறதுக்கு இதுதான் காரணம். 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மக்கள், கம்பனி டீலருக்குக் கிடைக்கிற பழுதுத் தகவல் வெளிக் கராஜ்களுக்கும் கிடைக்கணும்னு வாக்களிச்சாங்க. அவங்க கேட்டது இந்த மீதிப் பாதியையும் சேர்த்துத்தான்.

இலங்கையில இது வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில. அந்த அஞ்சு வருஷமும், ஜப்பான்ல இருந்து ரீகண்டிஷனா வந்த அதே வாகனங்கள்தான் நம்ம ஏற்றங்களில ஓடி வயசாச்சு. கொயிலும் வயரும் சென்சரும் கூடவே வயசாச்சு. ஹயர் வேன் ஓடிப் பிழைக்கிற ஒருத்தருக்கு, பாதியை மட்டும் வாசிக்கிற ஸ்கேனரை நம்பி ஏபிஎஸ் யூனிட் மாத்துறதுக்கும், ஒரு கொயிலை மாத்துறதுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்ல. எரியுற லைட்டை மதிக்காம, ட்ரக்ஷன் உதவி இல்லாமலே ரம்பொடை வளைவுல மழையில இறங்குறதும் சின்ன விஷயமில்ல.

அதனால கராஜ்ல ரெண்டு விஷயம் கேளுங்க. "இந்த ஸ்கேனர் ஏபிஎஸ் பக்கத்தையும் வாசிக்குமா பாஸ்?" அடுத்தது, "அழிக்க முதல் எல்லாக் கோடையும் எழுதித் தாங்க." எஞ்சின் கோட் பதிவான நேரத்து வேகம், எஞ்சின் சுற்று, சூடு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் ஒரு படம் மாதிரி பிடிச்சு வச்சிருக்கும். கோடை அழிச்சா அதுவும் போயிடும். பேட்டரி வயரைக் கழட்டினாலும் பல கார்களில அதே கதைதான். பழுது முதல்ல எங்க தொடங்கினதுன்னு சொல்ற சாட்சி அதுதான்.