உப்பிலிருந்து சோடா செய்தவரின் கதை

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு. ஆனால் கண்ணாடியும் சோப்பும் செய்ய வேண்டியிருப்பது சோடியத்தின் இன்னொரு உப்பு: சோடியம் கார்பனேட் என்கிற சலவைச் சோடா. கடல்நீரைக் காய்ச்சி இதை எடுக்க முடியாது. கடலில் கார்பனேட் மிகக் குறைவு. இருப்பதும் கால்சியத்தோடு சேர்ந்து, சமையல் உப்புக்கு முன்பே படிந்துவிடும்.

அப்படியானால் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குச் சோடா எங்கிருந்து கிடைத்தது? சாம்பலிலிருந்து! ஸ்பெயின் கடற்கரையில், நம்மூர் உமரிக்கு உறவான செடிகளை எரித்தார்கள். ஸ்காட்லாந்தில் கடற்பாசியை எரித்தார்கள். தேவை பெருகப் பெருக இது போதவில்லை. சமையல் உப்பிலிருந்து சோடா செய்ய வழி சொல்பவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் 1775-இல் அறிவித்தது.

வழி கண்டவர் நிக்கோலா லெப்லான். ஓர்லியன்ஸ் கோமகனின் மருத்துவர். உப்போடு கந்தக அமிலம் சேர்த்தால் சோடியம் சல்பேட் கிடைக்கும். அதைச் சுண்ணாம்புக்கல்லும் கரியும் கலந்து உலையில் சுட்டால் ஒரு கறுப்புக் கட்டி வரும். அதை நீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சினால் சோடா! 1791-இல் காப்புரிமை கிடைத்தது. கோமகனின் பணத்தில் பாரிஸ் அருகே சென்-தெனியில் ஆலையும் எழுந்தது.

ஆனால் அது பிரெஞ்சுப் புரட்சிக் காலம். 1793 நவம்பரில் கோமகனின் தலை கில்லட்டினில் விழுந்தது. ஆலை பறிமுதலானது. போருக்குச் சோடா வேண்டும் என்று அரசு செய்முறையை ஊரறிய வெளியிட்டது. பின்னாளில் நெப்போலியன் ஆட்சியில் ஆலை திரும்பக் கிடைத்தாலும், அதை நடத்த லெப்லானிடம் பணம் இல்லை. 1806-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அறிவித்த பரிசு கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை.

அவருடைய முறையோ இங்கிலாந்தில் பெரும் தொழிலாக வளர்ந்தது. கூடவே ஒரு தொல்லையும். உப்பும் அமிலமும் சேரும்போது வெளியேறிய ஹைட்ரஜன் குளோரைடு புகை சுற்றுவட்டாரப் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. அதைக் கட்டுப்படுத்த 1863-இல் பிரிட்டன் சட்டம் போட்டது. பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே 1861-இல் கண்ட அம்மோனியா முறை மலிவானது, இந்தப் புகையும் இல்லாதது. அது பரவப் பரவ லெப்லான் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின.

லெப்லானுக்குச் சேரவேண்டிய பரிசுக்கு ஈடாக அவருடைய வாரிசுகளுக்குப் பணம் கிடைத்தது 1855-இல். அவர் இறந்து 49 ஆண்டுகள் கழித்து!